ஓராண்டுப் படிப்பில் நியூகாசலைச் சுற்றி எதைப் பார்க்கலாம்?

கேள்வி: "சொந்த ஊர் தூத்துக்குடி. வரும் செப்டம்பரில் இங்கிலாந்தின் நியூகாசலில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்கிறேன். கல்விக்கடனில்தான் வருகிறேன். பழைய கோட்டைகளும் கடற்கரைகளும் பார்க்க வேண்டும் என்று ஆசை. படிப்பு கெடாமல், செலவு கையை மீறாமல் எதையெல்லாம் பார்க்கலாம்? விடுமுறையில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போய்வருவது நல்லதா?"

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பாரிஸும் ஆம்ஸ்டர்டாமும் இந்த ஓராண்டில் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவருக்குப் பிரிட்டனின் மாணவர் விசா அந்த ஊர்களில் செல்லாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். கட்டணம், விரல்ரேகைக்கு முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், பயணக் காப்பீடு, தங்குமிடச் சான்று என்று வாரக்கணக்கில் நேரம் போய்விடும். நான் படித்த ஆண்டில் அந்த முன்பதிவு நாள் கிடைக்குமா என்று கணினித் திரையைப் பார்த்தபடி பல மாலைகளைக் கழித்தேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அந்த மாலைகளில் மெட்ரோ ரயில் ஏறியிருந்தால் 25 நிமிடத்தில் கடலோரம் நின்றிருப்பேன்.

படிக்க வந்த இடத்திலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்ட எனக்கு இப்போது பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன். நியூகாசலிலிருந்து வடக்கே 60 மைல், மேற்கே 40 மைல் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ரோமானியர் சுவரும் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர் சூறையாடிய லிண்டிஸ்ஃபார்ன் தீவும் கடலோரக் கோட்டைகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. பத்து ஊர்களை ஒருமுறை பார்ப்பதைவிட நான்கு இடங்களுக்கு இரண்டு மூன்று முறை போவது நல்லது. செப்டம்பரில் பார்த்த கடற்கரை பிப்ரவரியில் வேறு கடற்கரையாக இருக்கும்.

முதலில் வெளிச்சக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிக்குள் இருக்கிறது, நியூகாசல் 55 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில் காலை எட்டரை மணிக்கு விடிந்து மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு முடித்துக் கோட்டை பார்க்கப் புறப்பட்டால் இருட்டில்தான் போய் நிற்பீர்கள். ஜூனில் இரவு ஒன்பதே முக்கால் வரை சூரியன் இருக்கும். ஆய்வேடு எழுதும் காலமும் அதுதான். மாலை ஐந்து மணிக்கு நூலகத்திலிருந்து எழுந்தாலும் கடற்கரையில் நான்கு மணி நேர வெளிச்சம் கிடைக்கும். அதனால் அக்டோபர் முடியும்வரை வெளியே சுற்றுங்கள். குளிர்காலத்தை அருங்காட்சியகங்களுக்கும் டர்ஹம் பேராலயத்துக்கும் ஒதுக்குங்கள். தொலைவான இடங்களை ஈஸ்டருக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓதம். கடலோரத்தில் வளர்ந்தவர் என்பதால் உங்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இராது. நியூகாசல் வழியாக ஓடும் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். காலையில் நீங்கள் நடந்து போன மணல்வெளி மதியம் ஓராள் உயரத் தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஓத நேர அட்டவணை பார்க்காமல் இந்தக் கரையில் எங்கும் பாறை ஓரமாக நடக்காதீர்கள். தண்ணீரின் குளிரும் அப்படித்தான். கோடையின் உச்சத்தில்கூட 15 டிகிரியைத் தொட்டால் பெரிது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் திடீரென்று அந்தக் குளிர் தாக்கினால் மூச்சு வாங்கி, நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல், மூச்சு சீராகும்வரை முகம் வானத்தைப் பார்க்க மிதக்க வேண்டும் என்பதே இங்குள்ள உயிர்மீட்புப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். கரையிலிருந்து யாராவது தத்தளிப்பதைப் பார்த்தால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படை வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி இடங்கள். டைன்மவுத்துக்கு மெட்ரோவிலேயே போகலாம். கடலுக்குள் நீண்டிருக்கும் குன்றின் மேல் ஒரு மடாலயத்தின் இடிந்த சுவர்கள், அவற்றைச் சுற்றிக் கோட்டை மதில், கடலைப் பார்த்து உலகப்போர்க் காலத்துப் பீரங்கி மேடை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒரு கால்பந்து மைதான அளவு இடத்தில் அடங்கியிருக்கிறது. அங்குள்ள கல்லறைக் கற்களை அருகில் போய்ப் பாருங்கள். மணற்கல் என்பதால் உப்புக்காற்று அரித்து, தேனடை போலக் குழி குழியாகிவிட்டது. சிலவற்றில் பெயர் முழுக்கப் போய், எழுத்தின் ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும். கீழே லாங்சாண்ட்ஸ் என்ற நீண்ட மணற்கரை. அதை ஒட்டி வடக்கே நடந்தால் கல்லர்கோட்ஸ் வரும். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881, 1882 ஆண்டுகளில் தங்கி மீனவப் பெண்களை வரைந்த ஊர் அது. இன்னும் நடந்தால் விட்லி பே, அதற்கப்பால் 1898ஆம் ஆண்டு கட்டிய செயின்ட் மேரி கலங்கரை விளக்கம். அது நிற்கும் சிறு தீவுக்குச் செல்லும் பாதையும் கடல் ஏறும்போது மூழ்கிவிடும். லிண்டிஸ்ஃபார்னுக்குப் போகுமுன் ஓதத்தை மதிக்கப் பழக நல்ல இடம்.

டைன்மவுத்துக்கு அடுத்த நார்த் ஷீல்ட்ஸிலிருந்து ஆற்றைக் கடக்கப் படகு இருக்கிறது. ஏழு நிமிடத்தில் தென்கரையில் சவுத் ஷீல்ட்ஸ். எல்லா மண்டலங்களுக்குமான மெட்ரோ நாள் டிக்கெட் இந்தப் படகுக்கும் செல்லும். அங்கே அர்பேயா என்ற ரோமானியக் கோட்டையின் அகழாய்வும் அருங்காட்சியகமும் உண்டு. கோடைப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும். ஒரேயொரு கல்லுக்காக நான் அங்கே ஐந்தாறு முறை போயிருக்கிறேன்.

அது ஒரு பெண்ணின் நினைவுக்கல். பெயர் ரெகினா, வயது 30, தென் இங்கிலாந்தின் கட்டுவெல்லௌனி குலத்தவள். அடிமையாக இருந்தவளை விடுவித்து மணந்துகொண்டவன் பராத்தஸ், சிரியாவின் பால்மைரா நகரத்தவன். பிரம்பு நாற்காலியில் அவள் அமர்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நூல் உருண்டைகள் வைத்த கூடை, மறு பக்கம் நகைப்பெட்டி, மடியில் நூற்கும் கதிர். முகம் சிதைந்துவிட்டது. கீழே லத்தீனில் முறைப்படியான வாசகம், அதிலும் இலக்கணப் பிழை. அதற்கும் கீழே பால்மைரா எழுத்தில் ஒரே ஒரு வரி, வலமிருந்து இடமாக, தங்குதடையில்லாமல் அழகாகச் செதுக்கியிருக்கிறது: "ரெகினா, பராத்தஸ் விடுவித்தவள், ஐயோ." அந்தக் கரையில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஊருக்காக லத்தீனில் எழுதச் சொன்னவன், தன் துக்கத்தைத் தாய்மொழியில் எழுதச் சொல்லியிருக்கிறான். வந்த முதல் ஆண்டு, நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு இரவில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் தமிழ் வாய்த்த காலத்தில், அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ரோமானியச் சுவருக்கு வருகிறேன். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122 முதல் கட்டப்பட்டது. கிழக்கே வால்சென்டிலிருந்து மேற்கே போனஸ் (Bowness) என்ற ஊர் வரை 73 மைல். வால்சென்ட் என்றாலே சுவரின் முடிவு என்றுதான் பொருள். மெட்ரோவில் போகலாம், நிலையத்தின் அறிவிப்புப் பலகைகளில் லத்தீனும் இருக்கும். சுவர் அங்கே அதிகம் மிச்சமில்லை. ஆனால் பக்கத்துக் கப்பல் பட்டறையில்தான் 1912ஆம் ஆண்டு டைட்டானிக்கில் தப்பியவர்களை மீட்ட கார்ப்பேதியா கப்பல் கட்டப்பட்டது.

சுவரைச் சுவராகப் பார்க்க மேற்கே போக வேண்டும். நியூகாசலிலிருந்து ஹெக்ஸமுக்கு ரயில், அங்கிருந்து ஏடி122 என்ற எண்ணுள்ள பஸ். சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி ஓடாது, நேரம் பார்த்துப் போங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு மழைநாளில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய கிரேட் நார்த் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சுவரின் மாதிரியைப் பார்த்துவிடுங்கள். அனுமதி இலவசம். அதைப் பார்த்த பிறகு ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் நின்றால், தானியக் களஞ்சியத்தின் தரையை ஏன் சிறு தூண்கள் மேல் தூக்கிவைத்தார்கள், வீரர்களின் கழிப்பிடத்துக்குத் தண்ணீர் எப்படி ஓடியது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். வழியில் சிக்கமோர் கேப் என்ற பள்ளம். அங்கே தனியாக நின்ற மரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அன்று இந்த வட்டாரமே துக்கவீடு போலிருந்தது. அடுத்த ஆண்டு அடிமரத்திலிருந்து துளிர்கள் கிளம்பின.

ஒருநாள்தான் ஒதுக்க முடியும் என்றால் ஹவுஸ்டெட்ஸைக்கூட விட்டுவிட்டு விண்டோலாண்டாவுக்குப் போங்கள். சுவருக்குத் தெற்கே, சுவருக்கும் முந்தைய கோட்டை அது. ஈரமண்ணுக்குள் காற்றுப் புகாததால் மற்ற இடங்களில் மக்கிப்போன பொருள்களெல்லாம் அங்கே அப்படியே கிடைத்தன. ஆயிரக்கணக்கான தோல் செருப்புகளும் காலணிகளும், அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. 1973ஆம் ஆண்டு முதல் கிடைத்து வரும் மரத்தகடுகள் இன்னும் அரியவை. அஞ்சலட்டை அளவில், மிக மெல்லிதாக இருக்கும். மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் அவற்றில் இருக்கின்றன. ஒரு தளபதியின் மனைவி இன்னொரு தளபதியின் மனைவியைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள், ஏறத்தாழ கி.பி. 100இல். யாரோ ஒருவருக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக இன்னொரு கடிதம். பெரும்பாலான தகடுகள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தாலும் சிலவற்றை இங்கேயே பார்க்கலாம்.

அந்தத் தகடுகளின் வாசகங்களைப் படித்துக்கொண்டு போனபோது ஒரு கணக்குப் பட்டியலில் என் கண் நின்றுவிட்டது. காம்பாக்ஸ் என்ற வீரனின் பெயருக்கு நேரே: மிளகு, 2 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). மலபார்க் கரையைத் தவிர வேறெங்கிருந்து அந்தக் காலத்தில் மிளகு வந்திருக்கும்? யவனரின் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" முசிறி என்று அகநானூறு சொல்கிறதே, அந்தக் கறிதான், மிளகுதான். செங்கடலைக் கடந்து, எகிப்து வழியாக மத்தியதரைக்கடலுக்குப் போய், பேரரசின் வடகோடியில் மழையில் நனைந்து நின்ற ஒரு சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த வரியின் மறுமுனை இந்த ஊரில் கிடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உங்கள் பெட்டியில் அம்மா கட்டாயம் மிளகுப்பொடி வைப்பார்கள், இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே கடலோரமாகப் போகும் எக்ஸ்18 பஸ்ஸை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆனிக், சீஹவுசஸ், பாம்பரோ வழியாக பெரிக் வரை போகும். மாடியில் முன் இருக்கை கிடைத்தால் அதுவே பாதி சுற்றுலா. க்ராஸ்டர் என்ற மீனவ ஊரில் ஓக் மரப்புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீன் புகழ்பெற்றது. நம் கருவாட்டு நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அங்கிருந்து புல்வெளியில் ஒன்றரை மைலுக்கும் குறைவாக நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை. லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313ஆம் ஆண்டு தொடங்கியது, இப்போது இரண்டு பெரிய கோபுரங்கள் உடைந்த பல் போல நிற்கின்றன. அருகில் கடைகள் எதுவும் இல்லை. காற்றும் ஆடுகளும்தான்.

இந்தக் கோட்டைகள் நிற்கும் பாறையைக் கவனியுங்கள். கருமையான, செங்குத்தாகப் பிளந்த கெட்டிப் பாறை. வின் சில் என்று பெயர். சுமார் 295 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் புகுந்து இறுகிய எரிமலைக் குழம்பு அது. ஹவுஸ்டெட்ஸ் அருகே ரோமானியச் சுவர் ஏறிப் போகும் செங்குத்துப் பாறையும், டன்ஸ்டன்பரோவும், பாம்பரோ கோட்டையைத் தாங்கும் குன்றும், லிண்டிஸ்ஃபார்ன் கோட்டையின் மேடும், ஃபார்ன் தீவுகளும் எல்லாம் இதே பாறைதான். இது புரிந்த பிறகு தனித்தனிச் சுற்றுலா இடங்களாக இருந்தவை எனக்கு ஒரே நிலமாகத் தெரியத் தொடங்கின.

பாம்பரோவில் கோட்டைக்குள் போகக் கட்டணம் உண்டு. வெளியே மணலில் நின்று பார்ப்பதுதான் அழகு என்பது என் எண்ணம். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஊருக்குள் இருக்கும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அது இலவசம். 1838 செப்டம்பர் 7 விடியலில் ஃபார்ஃபார்ஷயர் என்ற நீராவிக் கப்பல் ஃபார்ன் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள், 22 வயது கிரேஸ், தந்தையுடன் துடுப்புப் படகில் போனாள். இரண்டு நடையில் ஒன்பது பேரைக் கரைசேர்த்தார்கள். முதல் நடையில் மீண்டவர்களில் இருவர் தந்தையுடன் துடுப்புப் போட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் 26 வயதில் காசநோயில் இறந்துவிட்டாள். அந்தப் படகே உள்ளே இருக்கிறது. வள்ளங்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதன் சின்ன உருவத்தைப் பார்த்ததும், அன்றைய கடலில் அதை இறக்குவது எப்படிப்பட்ட காரியம் என்று யாரும் விளக்க வேண்டியிராது.

லிண்டிஸ்ஃபார்ன் பற்றிப் பலரும் ஒரு தவறான எண்ணத்தோடு வருகிறார்கள். 793ஆம் ஆண்டு வைக்கிங்குகள் தாக்கி அழித்த மடம் இதுதான் என்று இடிந்த வளைவுகளைப் படம் எடுப்பார்கள். ஐடன் என்ற துறவி 635இல் நிறுவி, வைக்கிங்குகள் சூறையாடிய மடத்தின் கட்டடம் கண்ணுக்குத் தெரிய எதுவும் மிஞ்சவில்லை. இப்போது நிற்கும் சிவந்த கற்கள் 12ஆம் நூற்றாண்டினவை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு பாழானவை. கூரையும் கோபுரமும் போன பின்னும் அந்தரத்தில் ஒரே ஒரு வளைவு நிற்கிறது, அதை வானவில் வளைவு என்கிறார்கள். புகழ்பெற்ற சுவிசேஷ ஏடும் அங்கே இல்லை, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 700இல் எழுதிய லத்தீன் ஏடு அது. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் வரிகளுக்கு நடுவே சொல்லுக்குச் சொல் பழைய ஆங்கிலத்தில் உரை எழுதினார். சுவிசேஷங்களின் ஆங்கில வடிவங்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். தீவின் புனிதர் கத்பர்ட்டின் உடலை வைக்கிங் பயத்தால் சுமந்துகொண்டு அலைந்த துறவிகள் கடைசியில் 995இல் டர்ஹமில் தங்கினார்கள். அதன் மேல்தான் 1093இல் தொடங்கிய பேராலயம் எழுந்தது. டர்ஹம் ரயிலில் கால் மணி நேரம்தான். தீவைப் பார்த்த பிறகு அங்கே போனால் அந்தக் கல்லறை வேறு மாதிரி இருக்கும்.

தீவுக்கான சாலை நாளுக்கு இரண்டு முறை மூழ்கும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. பெரிக்கிலிருந்து வரும் பஸ்ஸும் ஓதத்தை அனுசரித்துத்தான் ஓடும். கம்பங்கள் நட்ட பழைய யாத்திரைப் பாதையில் மணலில் நடப்பதானால் கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது தொடங்கி, மறுபடி ஏறத் தொடங்குமுன் கரையேறிவிட வேண்டும். முதல்முறை தனியாகப் போக வேண்டாம், தெரிந்தவரோடு போங்கள். நான் ஒருமுறை தீவிலேயே தங்கி, சாலை மூழ்குவதைப் பார்த்தேன். அலை அடித்துக்கொண்டு வரவில்லை. தரையில் சிந்திய தண்ணீர் பரவுவது போல ஓசையில்லாமல் இரு பக்கமும் வந்தது. நமக்கு முன்னால் மணல் காய்ந்திருக்கும்போதே பின்னால் இருக்கும் பள்ளம் நிரம்பிவிடுகிறது. அரை மணியில் சாலை இல்லை. சாலை நடுவே தூண்கள் மேல் நிற்கும் தஞ்சக் கூண்டு மட்டும் தண்ணீரில் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது காரை விட்டுவிட்டு அதில் ஏறத்தான் செய்கிறார்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் தள்ளுபடி அட்டை வாங்கிவிடுங்கள். 16 முதல் 25 வயதினருக்கானது என்றாலும் முழுநேர மாணவர் எந்த வயதிலும் வாங்கலாம், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பஸ்ஸில் ஒற்றைப் பயணத்துக்கு 2025 தொடக்கத்திலிருந்து 3 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், ஊருக்கு வந்ததும் அது நீடிக்கிறதா என்று பாருங்கள். செப்டம்பரில் இங்கிலாந்து முழுக்க மரபுத் திறந்த நாள்கள் நடக்கும். வழக்கமாகக் கட்டணம் உள்ள பல இடங்களில் அப்போது அனுமதி இலவசம். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா அனுமதிக்காது. அந்த வேலை நேரத்தை வைக்கும்போதே மாதத்தில் இரண்டு ஞாயிறுகளை உங்களுக்கென்று எடுத்துவைத்துவிடுங்கள். வகுப்பு நாளில் ஊர் சுற்ற வேண்டாம். வருகைப் பதிவைப் பல்கலைக்கழகம் கண்காணிக்கும், அது விசாவைத் தொடும் விஷயம்.

வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை களைப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் மதியத்துக்குமுன் மெட்ரோ ஏறி டைன்மவுத்துக்குப் போங்கள். அங்குள்ள பழைய ரயில் நிலையத்தின் இரும்புக் கூரைக்குக் கீழே வார இறுதிச் சந்தை கூடியிருக்கும். காற்று உள்ளே புகாத மேலங்கி ஒன்றை ஊரிலிருந்து வாங்கிவர வேண்டாம், அந்தச் சந்தையைச் சுற்றியே நல்ல பழைய அங்கிகள் மலிவாகக் கிடைக்கும். பிறகு மடாலயக் குன்றைத் தாண்டி, டைன் ஆற்றின் வடக்கு அலைதடுப்புச் சுவர்மேல் கலங்கரை விளக்கம் வரை நடங்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் அதன் வாயிலைப் பூட்டியிருப்பார்கள். பூட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள்.